மூன்றாவது டிரையர்

என் அக்கா பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். இந்தத் தெருவின் பாதிப் பெண்களுடைய முடி அவள் கையில்தான். ஆனால் அடுப்பங்கரைப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்க மாட்டாள். எண்ணெய் காய்ந்து சுர்ரென்று சத்தம் வந்தாலே ஒரே ஓட்டமாகக் கூடத்துக்கு வந்துவிடுவாள். ஐம்பதைத் தாண்டியும் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது வாயைக் கிளறினால், "மாப்பிள்ளையோட வாணலியையும் சேர்த்துல்ல கட்டி வைப்பாங்க" என்பாள். பார்லரின் மாடியில் நாங்கள் இரண்டு பேர்தான். சமையல் என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அந்தத் திமிருக்கு ஆப்பு வைக்கத்தான், எண்ணெய்ச் சட்டியில்லாமல் பொரிக்கும் ஏர் ஃபிரையர் வந்தது. கடையில் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் படித்த அக்கா அங்கேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஏய், இதுல ஒண்ணுமே இல்லடி. சூடான காத்து, அவ்வளவுதான்! சூடான காத்தை வச்சுத்தானே நான் இத்தனை வருஷமா சாப்பிடறேன். சமைக்க மாட்டேனா?"

பார்லரில் முடி காயவைக்க ஏற்கெனவே இரண்டு டிரையர்கள். இதற்கு மூன்றாவது டிரையர் என்று பெயர் வைத்தாள். உருளைக்கிழங்கை நீளநீளமாக நறுக்கி, அலசி, துண்டில் சுற்றி ஒற்றினாள். சொட்டு எண்ணெயை விரல்நுனியில் எடுத்து ஒவ்வொரு துண்டுக்கும் தடவினாள். "ஒண்ணுமேல ஒண்ணு படுத்தா உள்ள ஈரம் நிக்கும். பிரிச்சு விடணும், பாதியில உலுக்கணும்" என்று வாடிக்கையாளருக்குச் சொல்கிற அதே குரலில் எனக்குச் சொன்னாள். வெளியே வந்த உருளைக்கிழங்கு மொறுமொறுவென்று இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது, ஆனால் தட்டைக் காலி செய்ததும் நான்தான்.

அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. காலையில் முட்டையை ஓட்டோடு உள்ளே வைத்தாள். மத்தியானம் மீன், கத்திரிக்காய். சாயங்காலம் வேர்க்கடலை, காலிஃபிளவர். மிஞ்சியதை டப்பாவில் போட்டு, எதிர்க்கடை மூக்குக்கண்ணாடிக்காரருக்கு அனுப்பினாள். போகப்போக, அவருக்குப் போனதுபோக மிஞ்சியதுதான் எனக்கு.

கண்ணாடிக்காரர் மனைவியை இழந்தவர், சாது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுவார். அவருடைய கண்ணாடியின் ஒரு கால் மட்டும் திருகு போய், நூல் கட்டித் தொங்கும். டப்பாவைக் கழுவித் துடைத்துத் தானே கொண்டுவந்து கொடுப்பார். கொடுத்துவிட்டு, ஷாம்பு பாட்டில்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு நிற்பார். அவருக்கு ஷாம்பு எதற்கு? தலை வழுக்கை.

ஒருநாள் அவர், "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுக்கே வந்து சாப்பிடலாமா?" என்று கேட்டுவிட்டார். அக்கா தலையாட்டினாள். அவர் போனதும் சுழல்நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"கட்டிக்கலாமான்னு அவர் கேக்கலேன்னா நானே கேட்டுடப் போறேன்டி. வேண்டாம்னு சொல்லிட்டா எதிர்க்கடையை எப்படிப் பாக்கறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் பார்வை எதிர்க்கடையை விட்டு நகரவில்லை. எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. யார் தலையிலும் ஒரு முடி கோணாமல் பார்த்துக்கொள்கிறவள் இவள். இவள் மனசு கோணிவிடக் கூடாதே என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோழி அருமையாக வந்தது. முதலில் கொறிக்க, ரொட்டிமேல் சீஸ் வைத்துச் சுடலாம் என்றாள். உள்ளே வைத்த கொஞ்ச நேரத்தில் படபடவென்று சத்தம், புகை. திறந்தால், காற்றடித்து ரொட்டி மேலே பறந்து, சீஸோடு மேலே இருக்கும் சூட்டுக்கம்பியில் அப்பிக்கிடந்தது.

"காத்து தூக்குதுடி! முடி பறந்தா என்ன செய்வோம்?"

"ஊசி குத்துவோம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. அவள் அதற்குள் கீழே ஓடி, பிரிக்காத பெட்டியிலிருந்து புத்தம்புதுக் கொண்டை ஊசிகளைக் கழுவிக் கொண்டுவந்துவிட்டாள். முதலில் கம்பி ஆறும்வரை விசிறிக்கொண்டு நின்றோம், சுரண்டித் துடைத்தோம். சீஸையும் ரொட்டியையும் சேர்த்துக் குத்தி, அடியில் இருக்கும் துளைத்தட்டோடு மாட்டினோம். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது. ரொட்டி பொன்னிறமாக வந்தது. ஊசிகளை உருவுவது என் வேலை. பாதியில் அழைப்புமணி அடித்தது. "ஏய், என் புடவை மடிப்பைப் பாரு!" என்று அக்கா கத்தினாள். நான் ஓடினேன்.

கண்ணாடிக்காரர் உட்கார்ந்து முதல் ரொட்டியைக் கடித்தார். டக்கென்று ஒரு சத்தம்.

வாயிலிருந்து மெதுவாக ஒரு கொண்டை ஊசியை இழுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"அது புதுசுங்க!" என்று அக்கா அலறினாள். "இப்பத்தான் பெட்டியே பிரிச்சேன். ரொட்டி பறக்குது, அதான் குத்தினோம்!"

அவர் ஊசியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சின்ன இடுக்கியை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றி, நூலை அறுத்து, திருகு இருந்த துளையில் ஊசியைச் செருகி, வளைத்து, மிச்சத்தை நறுக்கினார். மாட்டிக்கொண்டார். கால் கிண்ணென்று நின்றது.

"ஊர்ல எல்லார் கண்ணாடியையும் பாக்கறேன். என்னுதைப் பாக்கத்தான் ஆளில்ல" என்றார்.

"நான் பாத்துக்கட்டுமா?" என்றாள் அக்கா.

"கண்ணாடியை மட்டுமா?"

"ஆளையும்தான்."

அவருக்குக் காதுவரை சிவந்துவிட்டது. "அதைக் கேக்கத்தான் வந்தேன். ரொட்டி முந்திக்கிச்சு" என்றார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகையும் விக்கலும் சேர்ந்து வந்தன. சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் தட்டை நீட்டினேன்.

"இன்னொண்ணு வைக்கட்டுமா அத்தான்?"

"வைம்மா."

எடுத்த ரொட்டியை அத்தான் உடனே கடிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, லென்ஸைச் சோதிப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார்.