செல்வி வீட்டு இரட்டைப் பானை

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கும் காலனித் தெரு செல்விக்கும் சர்க்கரை நோய். அவள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாததால் இன்சுலினை எங்கள் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாள். காலனிக்காரி தினமும் எங்கள் வீட்டுக்குள் வந்துபோவது எனக்கு உறுத்தியது. "எங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்கல செல்வி" என்று ஒருநாள் பொய் சொல்லி அனுப்பினேன். பிடிக்காதது எனக்குத்தான்.

போன சித்திரையில் டிரான்ஸ்பார்மர் எரிந்து, திருவாரூர் பக்கத்து எங்கள் ஊரில் நாலு நாள் கரண்ட் இல்லை. செல்வி இப்போது மருந்தைப் பானையில் வைக்கிறாள் என்று கேள்விப்பட்டு, என் இன்சுலினோடு முதல்முறையாக அவள் வீட்டுக்குப் போனேன்.

காற்றாடும் நிழலில் பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல்.

"மணல்ல ஊத்துற தண்ணி காயுறப்ப உள்ள இருக்கிற சூட்டையும் எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. நர்ஸம்மா சொல்லிக்குடுத்தாங்க" என்றாள். உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். குளுகுளுவென்று இருந்தது.

மருந்தை வாங்கியவள் தயங்கினாள். "எங்க பானையில வச்சா உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாருங்களா?"

அவள் குத்திக்காட்டவில்லை. என் பொய்யை அப்படியே நம்பியிருந்தாள்.

"மாட்டாரு" என்றேன். அப்போதும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

இன்றும் தெருவில் என் கணவரைக் கண்டால் செல்வி ஒதுங்கி நிற்கிறாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.