காற்றாலைக்காரரின் மகள்

எனக்கு ஆங்கிலம் காற்றாலை வழியாக வந்தது. கோலசிலாங்கூருக்கு வடக்கே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைக்கு ஹாலந்து நாட்டுக் காற்றாலைகளோடு என்ன உறவு என்று கேட்டால், எல்லாம் அத்தையால் வந்த உறவுதான்.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடு இருந்துகொண்டு ஆலை அலுவலகத்தில் வேலை பார்த்தாள். இயந்திரத்தைச் சோதிக்க வந்த ஹாலந்துக்காரர் ஒருவர் அங்கே ஒரு பெரிய காலண்டரை விட்டுப் போயிருந்தார். மாதத்துக்கு ஒரு காற்றாலை, எல்லாம் பல தலைமுறைப் பழசு. ஆண்டு முடிந்து அது யாருக்கும் வேண்டாத பொருளானதும் அத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தொடக்கப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்த எனக்கு அப்போது ஆங்கிலம் ஏறவே இல்லை.

அந்தப் படங்களை வைத்தே அத்தை பாடம் தொடங்கினாள். முதலில் பெயர்ச்சொற்கள். காற்றாலையின் உச்சிக்கு கேப், அதாவது தொப்பி. இறக்கைகளுக்கு செய்ல், படகின் பாய்க்கும் அதே சொல். பின்னால் நீண்டிருக்கும் கட்டை டெய்ல், வால். தொப்பி போட்டு, பாய் விரித்து, வாலும் வைத்துக்கொண்டு நிற்கிற ஒரு கட்டடம் எனக்கு உடனே பிடித்துப்போனது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் தொப்பியைத் திருப்ப வேண்டுமாம்.

"எதுக்கு அத்தை இவ்ளோ பெருசு?"

"தண்ணி எறைக்க. அவுங்க ஊரும் நம்ம ஊரு மாதிரிதான்டி. கடல் மட்டத்துக்குக் கீழ. எறைக்காட்டி முழுகிடும்."

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், அதற்கப்பால் கடலைத் தடுக்கிற வரப்பு. எனவே எனக்கு இதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை.

பாடம் நடக்கும்போது நான் ஓர் இடத்தில் உட்காரமாட்டேன். அத்தையும் உட்காரமாட்டாள். ஜன்னலுக்குப் போவாள், கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பாள், திரும்ப எடுப்பாள். காற்று பாயைத் திருப்புகிறது, பாய் காற்றால் திருப்பப்படுகிறது என்று இரண்டு விதமாகவும் என்னைச் சொல்லவைத்துவிட்டு வாசலில் போய் நிற்பாள். கிள்ளானில் ஒரு கப்பல் அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. கல்யாணம் ஆகாத பெண் தனியாகப் போய்த் தங்குவதா என்று அப்பா தடுத்துவிட்டார். பெரியப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மாப்பிள்ளைச் செய்தியோடு வந்தார். வேண்டாம் என்று அத்தை சொல்லத்தான் சொன்னாள். வீட்டில் ரேடியோ ஓடுவதுபோல அது பாட்டுக்கு ஓடி முடிந்தது.

வினைச்சொற்களுக்கு வந்தபோது காற்றாலைக்காரருக்கு ஒரு மகள் பிறந்தாள். எந்தப் படத்திலும் அவள் இல்லை.

"எங்க அத்தை அவ?"

"உள்ள இருக்கா. இது மாவு அரைக்கிற ஆலை, மாவு சலிக்கிறா. சொல்லு, ஷி இஸ் சிஃப்டிங்."

இறந்தகாலத்தில் அவள் ஆலைக்குள் வாழ்ந்தாள். நிகழ்காலத்தில் மாடிச் சன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தாள். எதிர்காலத்தில் போவாள். "எங்க போவா?" என்று கேட்டேன். அத்தை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "டு கிளாங்" என்றாள். ஹாலந்திலிருந்து கிள்ளானுக்கு பஸ் இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பிறகு, சபாக்கிலிருந்து பெண் பார்க்க வரும் நாள் முடிவாயிற்று. மளிகைக்கடைக் குடும்பம். மாப்பிள்ளையின் அக்கா ஆங்கில ஆசிரியை. "இங்கிலீஸ் டீச்சரு லா! நம்ம பிள்ளைக்கு ஏத்த குடும்பம்" என்று பெரியப்பா பூரித்தார். அந்த வாரம் முழுக்க அத்தை எனக்கு எதிர்மறை வாக்கியங்களை மட்டுமே நடத்தினாள். அதிலும் ஒரே வாக்கியம். த மில்லர்ஸ் டாட்டர் டஸின்ட் வாண்ட் டு மேரி. காற்றாலைக்காரரின் மகளுக்குக் கல்யாணம் பண்ணிக்கொள்ள விருப்பமில்லை. நான் ஒவ்வொரு முறையும் டோன்ட் என்றேன். "ஒருத்திதானடி அவ? ஒருத்தின்னா டஸின்ட்" என்று அத்தை தலையில் குட்டினாள்.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் அக்காவும் வந்தார்கள். மாப்பிள்ளை தலைக்கு மேலே சுற்றிய காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தேநீரும் கேசரியும் வைத்தாள். பெரியப்பா அத்தையின் சம்பளத்தையும் சமையலையும் சேர்த்துப் புகழ்ந்துகொண்டிருந்தார். தலை குனிந்து உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து உள்ளே போய், காலண்டரோடு வந்தாள். அதை என் மடியில் வைத்து, "பாப்பா இங்கிலீஷ் சொல்லுவா, கேளுங்க" என்றாள்.

நான் தொப்பி, பாய், வால் எல்லாவற்றையும் தொட்டுக் காட்டினேன். பாயைத் திருப்பினேன், திருப்பப்படவும் செய்தேன். மாப்பிள்ளையின் அக்கா முகம் மலர்ந்து தலையாட்டினார். அந்த உற்சாகத்தில் காற்றாலைக்காரரின் மகளையும் இறக்கிவிட்டேன். த மில்லர்ஸ் டாட்டர் டோன்ட் வாண்ட் டு மேரி.

"டஸின்ட்" என்று திருத்தினார் அவர், பழக்கத்தில். பிறகுதான் வாக்கியம் அவருக்குள் போயிருக்க வேண்டும். மெதுவாக ஆங்கிலத்திலேயே கேட்டார், அவள் என்னதான் விரும்புகிறாள் என்று.

"கோ டு கிளாங்!" என்றேன்.

பெரியப்பா தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். கிள்ளான் என்பது அவருக்கும் புரிகிற ஆங்கிலம்.

மாப்பிள்ளையின் அக்கா அத்தையைப் பார்த்தார். "இது காலண்டர்ல உள்ள கதையா? நீங்க சொல்லிக் குடுத்ததா?"

அத்தை நிமிர்ந்தாள். "நான் சொல்லிக் குடுத்ததுதான், அக்கா."

அவர் கேசரித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, தன் அம்மாவிடம், "கெளம்பலாம்மா" என்றார். வாசலில் செருப்பு மாட்டும்போது பெரியப்பாவிடம் கோபமில்லாமல் சொன்னார்: "பிள்ளைக்கு மனசு இல்லாம கூட்டிட்டுப் போயி என்னாங்க செய்யறது?" அத்தையின் தோளை ஒரு தரம் தொட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

அதற்குப் பிறகு வீட்டில் எழுந்த இரைச்சல் பக்கத்து வீடுகள்வரை போனது. பெரியப்பா கத்தினார், அப்பா கத்தினார். அத்தை மட்டும் காலண்டரைச் சுருட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். அவளை அப்படி ஓர் இடத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை. கடைசியில் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"என்னாடி சொன்ன அவுங்ககிட்ட?"

எனக்கு அழுகை முட்டியது. "டஸின்ட்னு சொல்லணும்பா. டோன்ட்னு சொல்லிட்டேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். தோள்கள் குலுங்கின. அம்மாவையும் அழவைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் அப்பா அத்தையோடு பேசவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, கிள்ளானில் அத்தைக்கான தங்குமிடத்தைத் தானே போய்ப் பார்த்து வந்து, "அங்க நல்ல தமிழ்க் குடும்பந்தான் வீட்டுக்காரவுங்க" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். அது சம்மதம். அத்தையை பஸ் ஏற்ற நானும் போனேன். அப்பா பெட்டியைத் தூக்கி உள்ளே வைக்கும் நேரம் பார்த்து, பல நாளாக மனத்தை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"நான் தப்பா சொன்னதாலதான அத்தை உங்களுக்குக் கல்யாணம் நின்னுபோச்சு?"

அத்தை சிரிக்கத் தொடங்கி, பாதியில் என்னை இழுத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். "நீ சொன்னதுதான்டி சரி" என்றாள். "அதுதான்டி சரி."

அந்த ஆண்டுத் தேர்வில் அதே மாதிரி ஒரு கேள்வி வந்தது. நான் தயங்காமல் டோன்ட் என்று எழுதினேன். டீச்சர் அதன் குறுக்கே பெரிதாகக் கோடு போட்டுக் கொடுத்தார். பாவம், அத்தைக்கே இங்கிலீஷ் சரியாக வராது போலிருக்கிறது, கிள்ளானில் எப்படித்தான் வேலை பார்க்கப்போகிறாளோ என்று நான் வெகுநாள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.