பந்தை விட்டு விலகி நின்ற பெண்

பிறருக்காகப் பேசுவது எதுவரை உதவி, எப்போது அவர்கள் நிற்க வேண்டிய இடத்தை நாமே எடுத்துக்கொள்வதாகிறது? ஐம்பதுகளின் இறுதியில் கமுதிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நடந்த கூட்டம் இந்தக் கேள்வியை என் முன் வைத்தது. பட்டம் முடித்திருந்த நான் அப்போது அப்பகுதியில் பெண்கள் நலப் பணியில் இருந்தேன்; ஊர்ப் பெண்களுக்கு நான் 'டீச்சரம்மா'.

அவ்வூருக்கு ஒரு குடிநீர்க் கிணறு ஒதுக்கப்பட்டிருந்தது. நிலக்காரர்கள் அதைத் தங்கள் தெருவில் தோண்ட விரும்பினார்கள்; அங்கே ஏற்கெனவே ஒரு கிணறு இருந்தது. கூலிக் குடும்பங்கள் வாழ்ந்த கீழத்தெருவில் ஒன்றும் இல்லை. அத்தெருப் பெண்கள் பக்கத்து ஊர் ஊருணிக்குத் தண்ணீர் எடுக்க நடந்தார்கள். மிளகாய்ப் பழம் எடுக்கும் ஒரு பெண் இதைச் சொல்ல இரண்டு ஊர்க் கூட்டங்களில் எழுந்தார். இரண்டு முறையும் கூச்சல் அவரை உட்கார வைத்தது. மூன்றாவது கூட்டத்தில்தான் கிணற்றின் இடம் முடிவாகும். அதில் நானே பேசுவதென்று மனுவும் எழுதிவிட்டேன்.

அதற்கு முந்தைய சந்தை நாளில், கமுதிக்கு வந்த பெண்களுக்காக பருத்தி மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கி ஒன்றின் கதவுகளை அடைத்து இருட்டாக்கி, சுகாதாரப் படம் காட்டினோம். முதலில் ஓடிய செய்திச் சுருளில், ஏதோ வெளிநாட்டில் நடந்த பெண்களின் கோல்ப் சாம்பியன்ஷிப் வந்தது. விளையாட்டையே தொழிலாகக் கொண்ட பெண்கள் என்று எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன்.

"ஆத்தாடி, அம்புட்டுப் புல்லு கெடக்கு, ஒரு ஆட்டைக் காணமே!" என்றார் ஒருவர்.

"குச்சியால தட்டுறதுக்குக் கூலியா? எங்கன ஆள் எடுக்குறாகன்னு கேட்டுச் சொல்லுங்க டீச்சரம்மா" என்றார் இன்னொருவர்.

சிரிப்பு அடங்குவதற்குள், திரையில் ஒரு பெண் கடைசிப் பந்தைக் குழிக்குள் தள்ளக் குனிந்தார். சுற்றிலும் நின்ற கூட்டம் சலசலத்தது. அவர் பதறவில்லை. பந்தை விட்டு விலகி, மட்டையை ஊன்றி நின்றார். கூட்டம் அசைவற்றுப் போனதும் திரும்ப வந்து, முதலிலிருந்து காலூன்றி, அளவு பார்த்துத் தட்டினார். பந்து உருண்டு குழியில் விழும்வரை தொப்பியணிந்த ஆண்கள் நூற்றுக்கணக்கில் சிலையாக நின்றார்கள்.

கல்லூரிவரை போய் வந்த நானும், ஒரு பெண் தன் வேலையை முடிக்க அத்தனை ஆண்கள் காத்து நிற்பதை அன்றுதான் கண்டேன்.

மிளகாய்க் காட்டுப் பெண் மெல்லக் கேட்டார்: "அந்தம்மா ஏன் அடிக்காம வெலகுனாக?"

"சத்தத்துல அடிச்சா குறி தப்பிடும்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நான் ரெண்டு தடவையும் சத்தத்துலயேல்ல அடிச்சிருக்கேன்! ஒங்க தாள மடிச்சு வைங்க. நானே பேசிக்கிறேன்."

மறுபடியும் தோற்றால் கிணறு கைவிட்டுப் போகும் என்ற அச்சம் என்னை அரித்தது. ஆனாலும் சம்மதித்தேன்.

மூன்றாவது கூட்டத்தில் அவர் "அய்யாமாரே" என்றதுமே, "ஏ புள்ள, உக்காரு! கெணத்தத் தலையில தூக்கிட்டாப் போகப்போற?" என்று நிலக்காரர் ஒருவர் கத்தினார். பெருஞ்சிரிப்பு எழுந்தது. என் கை மனுவைத் தொட்டது. அவரோ உட்காரவில்லை, பேசவும் இல்லை. ஓரடி பின்னால் வைத்து நின்றார். சத்தம் ஓய்ந்ததும் முன்னால் வந்தார்.

"மொதல்ல இருந்து சொல்றேன்."

மீண்டும் கூச்சல், மீண்டும் ஓரடி விலகல். நான்காம் முறை, கத்தியவரே களைத்துப்போய், "சரி, சொல்லித் தொலை" என்றார். அதன்பின் அந்தப் பெண் சொல்லி முடிக்கும்வரை அங்கே வேறு குரல் எழவில்லை.

அன்றைய கூட்டத்தின் முடிவுப்படி கிணறு கீழத்தெருவில் தோண்டப்பட்டது. அதற்குப் பிறகு எந்த ஊர்க் கூட்டத்திலும் நான் பெண்களுக்காகப் பேசியதில்லை. அவர்கள் பேசினார்கள், நான் குறிப்பெடுத்தேன்.