அக்கா சிரித்த படம்

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் எனக்கு சஸ்டெய்னபிலிட்டி அதிகாரி என்று பெயர். தண்ணீரும் கழிவும் எங்கிருந்து வந்து எங்கே போகின்றன என்று எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டு பையருக்குக் கணக்குச் சொல்வது என் வேலை. அதே கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில் மிஞ்சும் துண்டுத் தோலை வாங்கி, ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் தன் வீட்டு முன்னறையில் குழந்தைகள் செருப்பும் பர்ஸும் தைத்துக்கொண்டிருந்தாள் என் அக்கா. மாமா இறந்த பிறகு அவளாகவே பிடித்த தொழில். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேருக்கும் அதில்தான் பிழைப்பு. தைத்ததைத் திருப்பத்தூர் கடைகளுக்கு அவளே பஸ்ஸில் தூக்கிப் போவாள். எதற்கும் ஆகாத துணுக்கைக்கூடப் பூவாக வெட்டி ஒரு செருப்பின் மேல் ஒட்டிவிடுவாள்.

போன வருஷம் பையரிடமிருந்து புது விதி வந்தது. துண்டுத் தோலைச் சான்றிதழ் பெற்ற நிறுவனத்துக்கு மட்டுமே தரவேண்டும். வெளி மாநிலத்தில் அப்படி ஓர் ஆலை இருந்தது. தோலை அரைத்து, பசை கலந்து, அட்டையாக அழுத்துவார்கள்.

"இங்கயே முழுசா உபயோகமாவுது சார். லாரில ஏத்தி அவ்ளோ தூரம் அனுப்பி எதுக்கு அரைக்கணும்?" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"நீங்க சொல்றது கரெக்ட்தாம்மா. உங்க அக்காகிட்ட சர்டிபிகேட் இருக்குதா?"

வாங்கிவிடலாம் என்று அலைந்தேன். சான்றிதழ் தருகிறவர்கள் கேட்ட முதல் கேள்வி, தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி எங்கே என்பது.

"இன்னொரு வாசப்படி வெக்கணுமா?" என்றாள் அக்கா. "பின்னாடி பக்கத்து வூட்டுக்காரன் செவுருடி."

அத்தோடு தோல் நின்றது. மெஷினின் மேல் பழைய புடவையைப் போர்த்தி வைத்தாள்.

சில மாதம் கழித்து, துண்டுத் தோலை வீணாக்காத இந்தப் புதுத் திட்டத்தைப் பற்றிப் பையருக்காகப் படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். கழிவிலிருந்து வாழ்வு என்பதுபோல் ஏதோ தலைப்பு. துண்டுத் தோலில் தைக்கத் தெரிந்த பெண்கள் வேண்டும் என்றார் மேனேஜர். அக்காவை அழைக்க எனக்கு மனசு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித் தெரிந்துகொண்டு அவளே வந்தாள். "திரும்ப தோல் குடுப்பாங்களான்னு நேரா கேட்டுடலாமில்ல?"

பயிற்சிக் கூடத்தில் புது மெஷின்கள் போட்டு, பச்சை நிற ஏப்ரன் மாட்டிவிட்டு, அவளை உட்காரவைத்தார்கள். துண்டுத் தோல் மூட்டையைப் பிரித்ததும் அக்கா தன்னை மறந்து நல்ல துண்டுகளைத் தனியாகப் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். பையர் கம்பெனியிலிருந்து வந்திருந்த வெளிநாட்டு அம்மாள் கேள்வி கேட்க, நான் மொழிபெயர்த்தேன்.

"இந்தத் திட்டத்தால உன் வாழ்க்கை எப்படி மாறிச்சுன்னு கேக்குறாங்கக்கா."

"மாறிச்சுதான். முன்ன தோல் எங்க வூட்டுக்கு வந்துச்சு. இப்ப வர்றதில்ல. மூணு பேருக்கும் வேலை போய்டுச்சு. அத திரும்பக் குடுக்கச் சொல்லு."

ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். மேனேஜரின் முகம் இறுகியது. அந்த அம்மாள் நெஞ்சில் கைவைத்து, மனம் திறந்து பேசியதற்கு நன்றி என்றார். முடியும் என்றோ முடியாது என்றோ சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து கேமராக்காரர் ஒயர் தடுக்கித் தடுமாற, அக்கா சட்டென்று சிரித்துவிட்டாள்.

படம் வந்தபோது அந்தச் சிரிப்பு மட்டும் இருந்தது. அதன்மேல் இன்னொரு பெண்ணின் இனிமையான குரல், கழிவையும் வீணாக்காமல் மறுபடி பயன்படுத்தும் சுழற்சிப் பொருளாதாரம் இந்தப் பெண்களுக்குத் தந்த நம்பிக்கையைப் பற்றிப் பேசியது.

"பேட்டி நீளமா இருந்துச்சாம், கட் பண்ணிட்டாங்க. படம் நல்லா வந்திருக்குல்லம்மா?" என்றார் மேனேஜர்.

மற்றவர்கள் காட்டுவதற்கு முன் நானே அக்காவிடம் என் போனில் காட்டினேன். முழுதும் பார்த்தாள்.

"நான் பேசுனது எங்கடி?"

"எடுத்துட்டாங்கக்கா."

"நீ நான் சொன்ன மாதிரியேதான சொன்ன?"

"சத்தியமா அப்டியேதான்க்கா சொன்னேன்."

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மெஷினை வாணியம்பாடிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டாள். இப்போது பாகாயத்தில் ஒரு விடுதியில் துப்புரவு வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பார்த்தால் பிள்ளைகள் படிப்பு, கால் வலி எல்லாம் பேசுகிறாள். என் வேலையைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.

கம்பெனிக்கு வருகிற ஒவ்வொரு விருந்தாளிக்கும் அந்தப் படத்தை நான்தான் போட்டுக் காட்டுகிறேன். போன வாரம் ஒருவர், அழகாகச் சிரிக்கும் அந்தப் பெண் யார் என்று கேட்டார். என் அக்கா என்றேன். குடும்பமே இதில் இருக்கிறதா என்று அவர் நெகிழ்ந்துபோனார். இனிமேல் எல்லாரிடமும் அதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார் மேனேஜர்.