திரும்பி வரும் சிப்பாய்

மந்திரமும் ரத்தமும் கலந்த போர் நாவல்களைப் பற்றிப் பேச எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. முடிவைப் போட்டு உடைத்தால் ஆளைத் தூக்கிவிடுவோம். ஒருவர் மட்டும் எந்த நாவலைச் சொன்னாலும், "போன சிப்பாய் வூட்டுக்குத் திரும்பி வரானா?" என்று கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

அவரை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் சந்தித்தேன். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். காக்கிச் சட்டை, பல நாள் தாடி. பேசும்போதும் கையிலிருந்த செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிவு தெரிஞ்சா அப்புறம் படிக்க என்ன சார் இருக்கு?" என்றேன்.

"என் தம்பிய வெளிநாட்டு வேலைன்னு ஏஜென்ட் கூட்டிக்கினு போனான் சார். அங்க துப்பாக்கியக் குடுத்து சண்டைக்கு அனுப்பிட்டானுங்க. மாசக்கணக்கா போனே இல்ல."

"எல்லாரும் பொழைக்கிற கதையாப் படிக்கலாமே சார்" என்றேன்.

"அத்த நம்ப முடில சார். எல்லாரும் சாவுற கதையில ஒர்த்தன் பொழைச்சி வந்தான்னா, அத்த நம்பலாம். அந்த மாரி ஒண்ணு கீதா?"

படித்ததையெல்லாம் மனதுக்குள் புரட்டினேன். எவ்வளவு இருட்டோ அவ்வளவு நல்ல நாவல் என்று குழுவில் சண்டை போடுகிறவன் நான். ஷிப்டுக்கு ஆட்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் அவர் பஸ்ஸை எடுக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது எந்த நாவலை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். இன்னும் ஒருவனும் வீடு வந்து சேரவில்லை.