துவக்கு உதைத்த காலை

எங்கள் சித்தப்பா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார். ஆகவே, தோட்டத்துத் துரையின் கைத்துப்பாக்கியால் மீன் தகர டப்பாவைச் சுட்டு வீழ்த்தியதாக அவர் சொன்னபோது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள். நான் நம்பியவர்கள் பக்கம்.

தெஹியோவிட்டைக்கு மேலே இருந்த ரப்பர் தோட்டம் எங்களுடையது; அதாவது நாங்கள் வேலை செய்த தோட்டம். துரை பெரிய யுத்தத்திலிருந்து அந்தத் துப்பாக்கியை, எங்கள் பேச்சில் துவக்கை, கொண்டுவந்திருந்தார். கனமான சாமான், தடித்த தோட்டா. ஒன்றைச் சுட்டதும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் பங்களாவுக்குப் பின்னால் மண்மேட்டில் தகரங்களை வைத்துச் சுடுவார். பங்களா வேலைக்காரரான சித்தப்பாவுக்கும் கடைசியில் சில தோட்டாக்கள் கிடைக்கும்.

"கழுத மாதிரி ஒதைக்கும்டா" என்பார் என்னிடம். "மணிக்கட்ட தளரவிட்டா, சுட்ட தோட்டாவோட வெறுங்கூடு வெளிய தெறிக்காம வாயில சிக்கிக்கும், அடுத்த வெடி வெடிக்காது. இறுக்கிப் புடிச்சா சொன்னத கேக்கும்."

அந்த வருடம் தம்பி பிறந்ததும் அம்மாவுக்கு நெடுநாள் காய்ச்சல் வந்து பால் வற்றிப்போயிற்று. எங்கள் வெள்ளாட்டின் பாலில்தான் தம்பி உயிர் தரித்திருந்தான். துரையும் ஒரு வகையில் பிள்ளை வளர்த்துக்கொண்டிருந்தார். புது ரப்பர் நாற்றுகள். நாற்றுப் பாத்திக்குள் நுழையும் ஆடு மாடுகள் சுடப்படும் என்பது அவர் போட்ட சட்டம். மேல் லயத்து ஆடொன்று அப்படிச் செத்தும் இருந்தது.

ஒரு காலை எங்கள் ஆடு கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு நேரே அந்தப் பாத்திக்குள் போய் நின்றது. கங்காணி சத்தம் போட்டார், ஆட்கள் கூடினார்கள், துரை வந்தார். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததில் அவருடைய வலக்கை கழுத்தோடு கட்டப்பட்டிருந்தது. பின்னால் சித்தப்பா துப்பாக்கியோடு வந்தார்.

"பச்சப்புள்ளைக்கு அதோட பாலுதாங்க தொரைங்களே" என்றாள் அம்மா. தம்பி என் இடுப்பில் இருந்தான். துரை அவனைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். கூட்டத்தில், ஆட்டைப் பறிகொடுத்த மேல் லயத்துக்காரனும் இருந்தான்.

"சுடு" என்றார் சித்தப்பாவிடம்.

சித்தப்பா துப்பாக்கியோடு கையை நீட்டினார். ஆடு பத்தடி தூரத்தில் ஒரு நாற்றை மென்றுகொண்டு அவரையே பார்த்தது. வெடித்தது. துப்பாக்கி அவர் கையோடு நெற்றிவரை எகிறியது. ஆட்டுக்கு மேலே மண்சரிவில் புழுதி பறந்தது. மறுபடி விசையை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. வெறுங்கூடு வாயில் சிக்கி நின்றது. அதற்குள் ஆடு வேலியைத் தாண்டி லயத்துப் பக்கம் ஓடிவிட்டது.

"கையா அது, வாழத்தண்டா?" என்றார் கங்காணி. எல்லோரும் சிரித்தார்கள். "தகரம் சுட்ட வீரனப் பாரு. தகரம் தானா விழுந்திருக்கும்."

குண்டு குழலை விட்டுப் போன பிறகுதான் அந்த வகைத் துப்பாக்கி கையைத் தூக்கி அடிக்கும். உதைப்பினால் குறி தப்பியது என்று யாராவது சொன்னால், யுத்தத்தில் அதைச் சுமந்தவர் நம்பக் காரணமில்லை. துரை இடக்கையால் துப்பாக்கியை வாங்கினார். சிக்கிய கூட்டைப் பார்த்தார். சித்தப்பாவின் முகத்தை அதைவிட அதிக நேரம் பார்த்தார்.

"இந்தத் துவக்கு ரொம்ப ஒதைக்கிது. ஒன் தப்பு இல்ல" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஆடு பாத்தியில இல்ல. போய்க் கட்டி வையி." அடுத்த ஞாயிறு முதல் தோட்டாப் பெட்டியைத் தூக்க, சித்தப்பாவுக்குப் பதில் வேறொரு ஆள் வந்தான்.

நான்தான் பொறுக்காமல் ஒருநாள் சாயங்காலம் கேட்டேன்: "அப்ப, தகரத்த சுட்டதெல்லாம் பொய்யா சித்தப்பா?"

"கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிட்டேன்" என்றார்.

எனக்கு அவர்மேல் வந்த கோபம் சின்னதல்ல. அவர் மடியில் தம்பி படுத்திருந்தான். திமிறிக்கொண்டிருந்த அவன் வாயில் சித்தப்பா சங்கால் ஆட்டுப்பாலைப் புகட்டிக்கொண்டிருந்தார். தம்பி காலால் உதைத்தான், தலையைத் திருப்பினான். சங்கைப் பிடித்திருந்த மணிக்கட்டு அசையவில்லை. ஒரு சொட்டுப் பாலும் வெளியே போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் கோபமாக உட்கார்ந்திருந்தேன்.