பெயரை மாற்றியது நான் இல்லை

என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்கு மட்டும் மன்னியுங்கள். இதில் வேறு எதற்கும் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

பொள்ளாச்சி ரோட்டில் ஒரு நூல் மில்லில் எனக்கு வேலை. பல வருஷம் பஞ்சுக் கிடங்கில் இருந்தேன். போன வருஷம் கம்ப்யூட்டர் அறை கட்டியதும் என்னை அங்கே போட்டார்கள். பஞ்சுத் தூசி உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், துடைக்க வேண்டும், காபி வாங்கி வர வேண்டும். அதிகம் பேசமாட்டேன் என்பதால் அந்த அறைக்கு நான்தான் சரி என்றார் மேனேஜர்.

சர்வர் என்று ஒரு பெரிய கம்ப்யூட்டர் வந்தது. அதில் சாஃப்ட்வேர் போட ஓர் இன்ஜினியர் பெண் வந்தார்.

"மொதல்ல இதுக்கு ஒரு பேர் சொல்லுங்க சார். அப்பறந்தான் சாஃப்ட்வேர் போடணும்."

மேனேஜர் சிரித்தார். "ஏனம்மணி, நல்ல நேரம் பாக்காம பேர் வெக்கறதா? வெள்ளிக்கெழமை பூசை. மொதலாளி வந்து வெப்பாருங்க."

"கொழந்தைக்கா சார் வெக்கறோம்? சாஃப்ட்வேர் உள்ள போறப்பவே இந்தப் பேரை எல்லா எடத்துலயும் எழுதி வெச்சுக்கும். பொறகு மாத்துனா பழைய பேரைத் தேடிட்டே நிக்கும். எந்திரிக்காது."

"செரி செரி, ஏதாச்சும் ஒண்ணு போடு கண்ணு."

போட்டார். கிளம்பும்போதும், "இதை மாத்தாதீங்க சார்" என்றார். காபி டம்ளரோடு நின்ற எனக்கே அது புரிந்தது.

வெள்ளிக்கிழமை சர்வருக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் வைத்தார்கள். முதலாளி தன் குலதெய்வத்தின் பெயரைச் சொன்னார். ஏற்கெனவே ஒரு பெயர் இருப்பதை மேனேஜர் வாய் திறந்து சொல்லவில்லை. தானே உட்கார்ந்து, இரண்டு விரலால் தட்டி மாற்றினார். எல்லோரும் கை தட்டினார்கள். சாஃப்ட்வேர் ஓடுகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. பொங்கல் ஆறிவிடும் என்று போய்விட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் அது எழவில்லை. மேனேஜர் இன்ஜினியருக்குப் போன் போட்டு, "ஒண்ணுமே மாத்தலையே அம்மணி" என்றார், என் முன்னாலேயே. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏப்பா, சந்தனத்தைத் தொடைக்கறேன்னு ஈரத்துணியை உள்ள உட்டுட்டியா?"

"இல்லீங்க."

"தண்ணி எறங்கிருச்சு. திங்கக்கெழமை அந்தப் புள்ள வந்து பாக்கட்டும். அதோட நீ வேலையை உட்டு நின்னுக்க."

நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது. என் மனைவி விடவில்லை. "கேட்டுப்போட்டு வரதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

திங்கட்கிழமை இன்ஜினியர் ஐந்தே நிமிஷம் பார்த்தார். முதலாளியும் வந்து நின்றார்.

"பேரை யாருங்க மாத்துனது?"

மேனேஜர் கையை என் பக்கம் நீட்டினார். "இவந்தான் தொடைக்கறப்ப எதையாச்சும் அமுத்தியிருப்பானுங்க."

வேலைதான் போகப்போகிறதே. எனக்கு வாய் வந்துவிட்டது.

"ஏனுங்க மொதலாளி, துணி வெச்சுத் தொடைச்சா உங்க குலதெய்வம் பேரு இங்கிலீசுல வந்து உக்காருமுங்களா? அது எனக்குத் தெரிஞ்சா நான் எதுக்குங்க இங்க தொடைச்சுட்டு இருக்கறேன்? அந்தம்மணி மாத்தாதீங்கன்னு சொன்னதை இவருந்தான கேட்டாரு!"

இன்ஜினியர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். முதலாளி மேனேஜரை ஒரு பார்வை பார்த்தார். "செரி, ஆகற வேலையைப் பாருங்க" என்று போய்விட்டார். அவ்வளவுதான். பழைய பெயரைப் போட்டதும் சாஃப்ட்வேர் எழுந்துகொண்டது. என் வேலையும் தங்கியது.

மத்தியானம் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தப்பு தன்னுடையது என்று சொல்வார் என நினைத்துப் போனேன்.

"இதை நீ சனிக்கெழமையே சொல்லியிருக்கலாமல்ல?" என்றார்.

ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் அவருக்குத் தினமும் வணக்கம் வைக்கிறேன். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வராது. அதனால் நானே எழுதி வைக்கிறேன்: பெயரை மாற்றியது அவர்.

ஞாயிற்றுக்கிழமை, 22 ஆகஸ்ட் 1999.